சொல்லி வரையும் சித்திரம்

வானொலியிலே சித்திரத்தைப் பற்றிப் பேசுவது சிறிது சங்கடமான காரியம். கேட்போருக்கு எடுத்துக் காட்டுவதற்கு ஒன்றும் இராது. எல்லாவற்றையும் வாயாற் சொல்லியே தீரவேண்டும். எனினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இக்குறை ஒருவகையிற் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. கணினியைக் கொண்டு சித்திரம் வரையப் பழகும் மாணாக்கனும் இதே நிலையிலேதான் இருக்கின்றான். அவன் கையிலே தூரிகை இல்லை. அவனுக்கு எதிரே இருப்பது, தானாக ஒன்றையும் உணராது, சொன்னதைச் சொன்னபடியே செய்து முடிக்கும் ஓர் இயந்திரம். அதற்கு இடவேண்டிய ஆணைகளை ஒழுங்குபட எழுதிய தொகுதியையே செய்நிரல் என்கின்றோம். அத்தொகுதியிற் சொல்லப்படாத கோடு எதுவும் திரையிலே தோன்றாது.

நேயர்கள் விரும்பினால் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். வீட்டிலுள்ள ஒருவரின் கண்ணைக் கட்டி முற்றத்திலே நிறுத்துங்கள். அவர் நடந்த தடம் ஒரு சதுரமாக அமையுமாறு வாய்ச்சொல்லாலேயே அவரை நடத்துங்கள். "சதுரமாக நட" என்று சொல்லலாகாது; சதுரம் இன்னதென்பதை அவர் அறியார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலிலே பலரும் தடுமாறுவர். சிறிது நேரத்திலே, "பத்து அடி முன்னே செல், வலப்புறமாகச் செங்கோணம் திரும்பு" என்னும் இரண்டு ஆணைகளை நான்கு முறை சொன்னாற் போதும் என்பது புலப்படும். "இவ்விரண்டையும் நான்கு முறை செய்" என்று முன்கூட்டியே கூறிவிட்டால் நம் வாய்க்கும் ஓய்வு கிடைக்கும். செய்நிரலாக்கத்தின் முதற்பாடம் இதுவே. இதற்குக் கணினியும் வேண்டியதில்லை, மின்சாரமும் வேண்டியதில்லை.

இவ்வழியைச் சிறுவர் கல்வியிலே புகுத்தியவர்கள் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே பணிபுரிந்த சிலர். 1967ஆம் ஆண்டிலே வொலி பயர்சைக், சீமோர் பப்பேட், சிந்தியா சொலமன் முதலானோர் லோகோ என்னும் செய்நிரல் மொழியைச் சிறுவர்க்கென்றே ஆக்கினர். கணினி என்பது அக்காலத்திலே பெரிய நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் மாத்திரம் இருந்த விலையுயர்ந்த பொருள். அதனைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கைக்குக் கொடுக்க வேண்டும் என்று கூறுவதற்கு மிகுந்த துணிவு வேண்டும். பப்பேட் தென்னாபிரிக்காவிலே பிறந்த கணிதவியலாளர். ஜெனீவாவிலே பியாஜேயுடன் சில ஆண்டுகள் இருந்து, குழந்தைகள் தம் அறிவைத் தாமே கட்டியெழுப்பும் விதத்தை அருகிலிருந்து ஆராய்ந்தவர். ஆசிரிய கலாசாலைகளிலே பயின்றோருக்குப் பியாஜேயின் பெயர் புதிதன்று.

பப்பேட் பின்னாளிலே எழுதிய ஒரு செய்தி என் கருத்தைக் கவர்ந்தது. லெக்சிங்ரன் என்னும் ஊரிலுள்ள பாடசாலை ஒன்றுக்கு அவர் லோகோ கற்பிக்கும் பணியின்பொருட்டுச் சென்றுவந்த காலத்திலே, வழியிலிருந்த சித்திர வகுப்பறையை அடிக்கடி கடந்து செல்வாராம். அங்கே பிள்ளைகள் சவர்க்காரக் கட்டிகளைச் செதுக்கி உருவங்கள் செய்துகொண்டிருந்தனர். அவ்வேலை பல வாரங்கள் நீடித்தது. ஒரே பிள்ளை ஒரே உருவத்தை நாட்கணக்காக வைத்துக்கொண்டு, செதுக்கியும், பார்த்தும், மனத்தை மாற்றியும், அயலிலிருப்பவனுக்குக் காட்டியும் இருந்தது. கணித வகுப்பிலோ கணக்கொன்று கொடுக்கப்படும். பிள்ளை அதைச் செய்யும், அல்லது செய்யாது விடும். அடுத்த கணக்கு வந்துவிடும். கணிதமும் அந்தச் சவர்க்காரம்போல் ஏன் இருத்தலாகாது என்று அவர் தம்மைத் தாமே வினவிக்கொண்டார். கணினியிலே சித்திரம் கற்பித்தல் பற்றிய சிந்தனைக்கு இவ்வினா ஒரு நல்ல தொடக்கம் என்பது என் எண்ணம்.

லோகோ தோன்றிச் சில ஆண்டுகளுள் ஆமை வந்து சேர்ந்தது. கவிந்த ஓடும், கீழே சில்லுகளும், நடுவிலே ஒரு பேனையும் கொண்ட சிறு இயந்திரம் அது. தரையிலே விரித்த கடதாசியின்மீது ஊர்ந்து கோடிடும். இங்கிலாந்திலே பிறிஸ்ரல் நகரில் கிறே வோல்ற்றர் என்னும் ஆய்வாளர் 1940களின் இறுதியிலே செய்த இயந்திர ஆமைகளை நினைந்தே இப்பெயர் இடப்பட்டது. நாளடைவிலே ஆமை தரையை விட்டுத் திரைக்குள் ஏறி, ஒரு சிறு முக்கோண அடையாளமாகச் சுருங்கிவிட்டது. "முன்னே 100", "வலம் 90", "பேனையைத் தூக்கு", "பேனையை வை" என்பனபோன்ற ஆணைகள் அதற்குப் போதும். இன்று பைதன் என்னும் செய்நிரல் மொழியை விலையின்றிப் பெற்றுக்கொள்வோர், அதனுடனேயே ஆமையையும் பெற்றுக்கொள்கின்றனர்.

ஆமையின் சிறப்பு யாதெனில், பிள்ளை தன் உடம்பைக் கொண்டே அதனை விளங்கிக்கொள்ளலாம் என்பது. ஐயம் வந்தால் எழுந்து நடந்து பார்க்கலாம்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். சதுரம் வரைந்த பிள்ளைகளிடம் அடுத்ததாகச் சமபக்க முக்கோணி ஒன்று வரையும்படி சொல்லுங்கள். முக்கோணியின் கோணம் ஒவ்வொன்றும் 60 பாகை என்பது அவர்கள் படித்த பாடம். ஆகவே, "முன்னே 100, வலம் 60, மூன்று முறை" என்று எழுதிவிடுவர். திரையிலே முக்கோணி வராது. மூன்று கோடுகள் தொடர்ந்து, கவிழ்த்த சட்டிபோல ஓர் உருவம் வாய் மூடாமல் நிற்கும். இவ்விடத்திலே ஆசிரியர் செய்யக்கூடிய மிகப் பெரிய தீங்கு, "60 அன்று, 120" என்று சொல்லிவிடுவதே. பிள்ளையை எழுந்து நடக்கச் செய்யுங்கள். ஒரு பக்கத்தை நடந்து முடித்து மூலையிலே நின்று அடுத்த பக்கத்தை நோக்கித் திரும்பும்போது உடம்பு எவ்வளவு திரும்புகின்றது? முக்கோணியின் உள்ளே இருக்கும் கோணம் 60; நடப்பவன் திரும்புவதோ வெளிப்புறத்துக் கோணமாகிய 120. மூன்று முறை திரும்பினால் 360. அதாவது புறப்பட்ட திசையையே மீண்டும் நோக்கி நிற்கின்றான். சதுரத்திலும் 90ஐ நான்கு முறை கூட்டினால் 360. மூடிய எவ்வுருவத்தைச் சுற்றி வந்தாலும் முழுச்சுற்று ஒன்றோ பலவோ திரும்பியாகவேண்டும் என்னும் உண்மை, தேற்றமாக மனனஞ் செய்யப்படாமல் காலால் அறியப்படுகின்றது. 144 பாகையாக ஐந்து முறை திரும்பினால் ஐந்து முனை நட்சத்திரம் தோன்றும். 144ஐ ஐந்தாற் பெருக்கினால் 720, முழுச்சுற்று இரண்டு. ஓரடி முன்னே சென்று ஒரு பாகை திரும்புவதை 360 முறை செய்தால் வட்டமே வந்துவிடும். உண்மையில் அது 360 பக்கங்கொண்ட பல்கோணிதான், கண்ணுக்கு வட்டம்.

ஆனால் நான் சொல்லவந்தது இதுவன்று. அதே வகுப்பிலே இன்னொரு பிள்ளை, பிழைத்துப்போன அந்த வாய் மூடாத உருவத்தை அழிக்க மனமின்றிப் பார்த்துக்கொண்டிருக்கும். மூன்று முறை என்பதை ஆறாக மாற்றும். அறுகோணி ஒன்று தோன்றும். அறுகோணியைச் சிறிது திருப்பித் திருப்பி ஆறு முறை வரையும். தேன்கூடுபோல் ஒன்று விரியும். முக்கோணி வரையப் புறப்பட்ட பிள்ளை தேன்கூட்டிலே வந்து நிற்கும். கணக்குக் கொப்பியிலே சிவப்பு மையாற் புள்ளடி பெறவேண்டிய பிழை, இங்கே ஒரு சித்திரத்தின் கருவாகிவிடுகின்றது. இப்பிள்ளைக்கு ஆசிரியர் என்ன சொல்லவேண்டும்? "கேட்டது முக்கோணி" என்று சொல்பவர் கணினியைக் கற்பிக்கின்றார், சித்திரத்தைக் கற்பிக்கவில்லை. என்னைக் கேட்டால், முக்கோணியை நாளைக்கும் வரையலாம். தேன்கூட்டை இன்று முடிக்க விடவேண்டும்.

இங்கேதான் இம்முறையின் உயிர்நிலை இருக்கின்றது. தொடக்க மாணாக்கருக்குச் சித்திரத்தின் வாயிலாகச் செய்நிரல் கற்பிப்பதை, கசப்பு மருந்துக்குத் தேன் பூசுவதாகவே பலர் கருதுகின்றனர். படம் வந்தால் பிள்ளை மகிழும், மகிழ்ந்தால் படிக்கும் என்பது அவர்கள் கணக்கு. அது பாதி உண்மைதான். சித்திரம் பிள்ளைக்கு வேறொன்றையும் கொடுக்கின்றது. தன் வேலை நன்றாக அமைந்ததா இல்லையா என்று தானே தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அது. இரண்டு எண்களைக் கூட்டும் செய்நிரலுக்கு விடை ஒன்றே. அதைச் சரியென்று சொல்லும் உரிமை ஆசிரியரிடம் இருக்கும். பக்கம் 100 உள்ள சதுரத்தைப் பத்துப் பத்துப் பாகையாகத் திருப்பி 36 முறை வரைந்தால் ஒரு மலர் விரிகின்றது. 36க்குப் பதிலாக 18 முறையோடு நிறுத்தினால் பாதி விரிந்த மலராகின்றது. இரண்டில் எது அழகு? அதற்கு விடைப்பட்டியல் இல்லை. பிள்ளைதான் பார்த்து முடிவு செய்யவேண்டும்.

பக்கத்தின் நீளத்துக்கு ஒரு பெயரிட்டு, ஒவ்வொரு முறையும் அதனைச் சிறிது கூட்டினால் சதுரம் சுருளாகும். 90 என்ற கோணத்தை 91 ஆக்கினால் அச்சுருள் முழுவதும் நீர்ச்சுழிபோல் முறுக்கேறும். ஒரே ஒரு பாகைதான்! அட்சரகணிதத்திலே "x என்பது ஒரு மாறி" என்று எத்தனை முறை சொல்லியும் விளங்காத பிள்ளை, தான் பெயரிட்ட நீளம் தன் கண்முன்னே வளர்வதைக் கண்டதும் மாறி என்பதன் பொருளைச் சொல்லாமலே உணர்ந்துகொள்ளும்.

இதிலே நம் பாடசாலைகளுக்கு நேரடியான கவலை ஒன்று உண்டு. கணிதம் தனக்கு வராது என்று பதினான்கு வயதிலேயே முடிவு செய்துவிட்ட பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் காண்கின்றோம். அவர்களுட் பலர் சித்திரத்தையோ சங்கீதத்தையோ விருப்பத்தோடு கற்பவர்கள். கணினி என்றால் அது கணிதக்காரருக்கும் விஞ்ஞானக்காரருக்கும் உரியது என்று ஒதுங்கிவிடுகின்றனர். நாமும் ஒதுங்க விட்டுவிடுகின்றோம். கலைப்பிரிவிலே படித்துப் பட்டம் பெற்றவன் என்ற முறையிலே இவ்வொதுக்கத்தை நான் உள்ளிருந்து அறிவேன். பல பாடசாலைகளிலே கணினிக்கூடம் ஒரு மூலையிலும் சித்திர அறை மறுமூலையிலும் இருக்கும். நேரசூசியிலே இவ்விரண்டும் சந்திப்பதேயில்லை. வாரத்தில் ஒரு பாடவேளையாவது சித்திர ஆசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரே அறையில் நின்றால், ஒருவர் அறியாததை மற்றவர் சொல்லலாம். கணினி ஆசிரியர் கோட்டின் நீளத்தைப் பற்றிப் பேசும்போது, சித்திர ஆசிரியர் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே விடப்பட்ட வெளியைப் பற்றிப் பேசுவார்.

கணினி போதாது என்பதைத் தடையாகச் சொல்வோரும் உளர். நாற்பது பிள்ளைக்குப் பத்து இயந்திரம். அவற்றிலும் சில இயங்கா. உண்மைதான். ஆனால் இத்துறையின் முன்னோடிகளிலே சிறந்தவர் ஒருவர் கணினியே இல்லாமல் தொடங்கியவர். புடாபெஸ்ற் நகரிலே 1924இற் பிறந்து பாரிசிலே வாழ்ந்த வேரா மொல்னார் என்னும் ஓவியரே அவர். கணினி கைக்கு எட்டுமுன்பே, 1959ஆம் ஆண்டையொட்டி, தமக்கெனச் சில விதிகளை வகுத்து, அவ்விதிகளை இம்மியும் மீறாமல் கையாலேயே படங்களை வரிசை வரிசையாக வரைந்தார். அம்முறைக்குக் கற்பனை இயந்திரம் என்று பெயரும் இட்டுக்கொண்டார். 1968இலே மெய்யான கணினி கிடைத்தபோது அவருக்கு அது அந்நியமாக இருக்கவில்லை. நூறு வயது நிறையச் சில வாரங்களே இருந்த வேளையில், 2023 டிசம்பரில் அவர் காலமானார். அதே 1968இல் அமெரிக்கரான சோல் லெவிற் சுவரோவியங்களைத் தொடங்கினார். கோடுகளை எங்கே எப்படி இடவேண்டும் என்னும் குறிப்புகளை அவர் எழுதுவார். சுவரிலே வரைபவர் வேறொருவராகவும் இருக்கலாம்.

ஆகவே வகுப்பிலே முதல் மூன்று நான்கு பாடங்களைக் கடதாசி, பென்சில், அடிமட்டம், பாகைமானி, ஒரு பகடை ஆகியவற்றைக் கொண்டே நடத்தலாம். ஒரு பிள்ளை ஆணைகளை எழுதட்டும். மற்றொரு பிள்ளை அவற்றை, எழுதியவனிடம் ஒன்றும் கேளாமல், வரையட்டும். எழுதியவன் மனத்திலிருந்த படமும் வரைந்தவன் கையில் வந்த படமும் எங்கே பிரிந்தன என்று இருவரும் சேர்ந்து தேடுவது, மொழிப்பாடத்துக்கும் நல்ல பயிற்சி. "கொஞ்சம் தள்ளி", "ஒரு பக்கமாக" என்னும் சொற்கள் எவ்வளவு பொருளற்றவை என்பது அப்போது தெரியவரும்.

விதியால் வரையும் இப்பழக்கம் தமிழருக்கு வெளியிலிருந்து வந்ததாகச் சொல்லவும் முடியாது. "ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நான்கில் நிறுத்து" என்று ஒரு பெண் இன்னொருத்திக்குச் சொன்னால் புள்ளிக்கோலம் ஒன்றின் அடித்தளம் முழுவதும் சொல்லியாயிற்று. நடுவரிசையிலே ஏழு, அதன் இருபுறமும் இடைவெளிகளிலே ஆறு, ஐந்து, நான்கு, மொத்தம் 37 புள்ளிகள். ஏழைப் பதினைந்தாக்கி எட்டில் நிறுத்தச் சொன்னால் 169 புள்ளிகள். எண்கள் மாறினும் விதி மாறவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணியும், அவருடன் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் கோலங்களின் இவ்வொழுங்கைக் கணினியியலின் மொழியிலக்கணக் கொள்கையைக் கொண்டு ஆராய்ந்து 1974இலே கட்டுரை வெளியிட்டனர். சொற்றொடருக்கு இலக்கணம் இருப்பதுபோலவே கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம் என்பது அவர்கள் காட்டிய வழி. இலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியர் ஒருவர் கணினிக்கூடத்துக்குள் நுழைவதற்கு இதைவிட வேறு அழைப்பிதழ் வேண்டுமா?

ஒழுங்கு மட்டும் போதுமா என்னும் வினா ஒரு கட்டத்தில் எழும். மலரும் சுருளும் நட்சத்திரமும் வரைந்து சில வாரங்கள் சென்றபின், எல்லாப் பிள்ளைகளின் படங்களும் ஒன்றுபோலவே தோன்றத் தொடங்கும். அப்போது தற்செயலை அறிமுகஞ் செய்யவேண்டும். ஜேர்மனியிலே கியோர்க் நேஸ் என்பவர் 1960களின் பிற்பகுதியிலே ஆக்கிய படமொன்று இதற்கு ஏற்றது. சரளைக்கல் என்று பொருள்படும் பெயருடையது அது. வரிசைக்குப் பன்னிரண்டாக 22 வரிசைச் சதுரங்கள். மேல்வரிசையிலே அவை நெறி தவறாமல் நிற்கின்றன. கீழே வரவர ஒவ்வொன்றும் சிறிது சாய்ந்தும் விலகியும், அடியிலே கொட்டிய கற்கள்போலச் சிதறிக் கிடக்கின்றன. எழுமாற்றாக எடுக்கப்படும் ஓர் எண், அதன் எல்லையை வரிசைதோறும் கூட்டும் ஒரு விதி. இவ்வளவே அதன் சூத்திரம். பகடையைக் கொண்டு பிள்ளைகளும் செய்யலாம். வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசைச் சதுரங்கள். முதல் வரிசை நேராக நிற்கட்டும். அதன்பின் ஒவ்வொரு சதுரத்துக்கும் பகடை உருட்டி, விழுந்த எண்ணை வரிசையின் எண்ணாற் பெருக்கி, அத்தனை பாகை சாய்த்து வரையட்டும். ஒற்றை விழுந்தால் இடப்புறம், இரட்டை விழுந்தால் வலப்புறம். எந்தச் சதுரம் எப்படிச் சாயும் என்பதைப் பகடை முடிவு செய்யும். சாய்வு எந்த வரிசையிலே தொடங்கலாம், எவ்வளவுக்கு மேற் போகலாகாது என்பதைப் பிள்ளை முடிவு செய்யவேண்டும்.

நேஸின் படங்கள் 1965இலே ஸ்ருட்காட் நகரிலே காட்சிக்கு வைக்கப்பட்டபோது அங்கு வந்த ஓவியர்கள் சிலர் சினங்கொண்டனர் என்பர். தம் கையின் தனிப்போக்கை இக்கணினியாற் செய்துகாட்ட முடியுமா என்று ஒருவர் கேட்டாராம். முடியும், அப்போக்கு இன்னதென்று நீர் எனக்குச் சொல்லித் தருவீராயின் என்று நேஸ் விடையிறுத்தாராம். ஓவியரை மடக்கிய விடையாக இதனைக் கொள்வது வழக்கம். எனக்கோ இது ஓர் ஆசிரியரின் கேள்வியாகவே படுகின்றது. தான் செய்வதைத் தானே நோக்கி, அதனைச் சொல்லாக்கிப் பார் என்பதுதானே நாம் பிள்ளையிடம் கேட்பது.

"குளத்தருகே ஒரு கொக்கு" என்று ஒரு வாக்கியம் எழுதினால் நொடியிலே வண்ணப்படம் தந்துவிடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்பொழுது வந்துவிட்டன. பின் எதற்கு இந்த ஆமையும் பாகையும் என்று பெற்றோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அக்கருவிகளை நான் பழிக்க வரவில்லை. ஆனால் அவை தந்த படத்திலே கொக்கின் கால் ஏன் அவ்விடத்தில் நிற்கின்றது என்று பிள்ளையிடம் கேட்டால் அதற்கு விடை சொல்லத் தெரியாது. ஆமையாற் கீறிய கோணற் கொக்கின் காலைப் பற்றிக் கேட்டால், ஏழாவது வரியைக் காட்டி, அதை மாற்றியும் காட்டும்.

புள்ளியிடும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. முடிந்த படத்துக்கு மாத்திரம் புள்ளி வழங்கினால், பிள்ளைகள் ஆசிரியர் காட்டிய மலரையே திருப்பித் திருப்பி வரைந்து தருவர். ஒரே படத்தின் மூன்று நான்கு நிலைகளைக் கேட்டு வாங்குங்கள். எதை ஏன் கைவிட்டாய், எங்கே ஏன் நிறுத்தினாய் என்று இரண்டு வாக்கியம் தமிழிலே எழுதச் சொல்லுங்கள். படங்களைச் சுவரிலே தொங்கவிடும்போது, ஒவ்வொன்றின் கீழும் அதனை வரைந்த ஆணைகளையும் எழுதி ஒட்டிவிடுங்கள். வழியாற் போகும் கீழ்வகுப்புப் பிள்ளை ஒன்று நின்று, அதைத் தன் கொப்பியிலே எழுதிக்கொண்டு போகும். 90 என்றிருப்பதை 89 ஆக்கிப் பார்க்கும்.